ஒரு பிரதி எழுவான்கரையில், ஒரு பிரதி படுவான்கரையில்: கணினியையும் இணையத்தளத்தையும் காப்பாற்றப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"தம்பி, பென்டிரைவுக்குள்ள இருந்த எல்லாம் சோட்கட்டா மாறிட்டு. ஒண்டும் திறக்குதில்ல" என்று சொல்லிக்கொண்டே ஒரு ரீச்சர் படியேறி வந்தார். பதினோராம் தரத்துப் புள்ளிகள், மூன்று வருட மாதிரி வினாத்தாள்கள், மகளின் சாமத்திய வீட்டுப் படங்கள், எல்லாம் அந்த ஒரு பென்டிரைவில்தான். முதல் நாள் ஒரு போட்டோ கொப்பிக் கடையில் வினாத்தாள் அச்சடிக்கக் கொடுத்திருக்கிறார். அடுத்த நாள் திறக்காமல் போக, அங்கேயே திரும்பக் கொண்டுபோய்க் காட்டினார். "வைரஸ் அடிச்சிட்டு, போமட் பண்ணத்தான் வேணும்" என்றார்களாம். நல்ல காலம், உள்ளே இருப்பதையெல்லாம் அழிக்கும் அந்த வேலைக்கு ரீச்சர் விடவில்லை.

கல்லடியில் வீட்டு முன்னறையில் கணினி திருத்துகிறவன் நான். ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று பல ஊர்ப் பெட்டிகள் என் மேசைக்கு வந்து போயிருக்கின்றன. எங்கோ இருக்கும் ஒரு கெட்டிக்காரன் மட்டக்களப்பில் ஒரு வீட்டைக் குறிவைத்து உடைத்தான் என்று சொல்லும்படியான ஒன்றை நான் இதுவரை கண்டதில்லை. திறந்து கிடந்த கதவால்தான் எல்லாம் உள்ளே வந்திருக்கின்றன. அந்தக் கதவுகளை எந்த வரிசையில் சாத்துவது என்று, கணினி புதிதாகப் பழகுகிறவர்களுக்காக எழுதுகிறேன். ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

முதலில் பிரதி

வைரஸ் தடுப்பு மென்பொருளுக்கு முன்னால், கடவுச்சொல்லுக்கு முன்னால், பிரதி எடுங்கள். எந்தக் காவலும் ஒருநாள் தவறும். அன்றைக்குக் கையில் பிரதி இருந்தால் இரண்டு நாள் அலைச்சலோடு போய்விடும். இல்லாவிட்டால் பிள்ளை பிறந்த நாள் படம் இனி இல்லைதான்.

ரான்சம்வெயர் என்று ஒரு வகை உண்டு. கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறப்புக்குப் பணம் கேட்கும். 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணினி அமைப்பையே இது பிடித்தது. சுமார் 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவேயில்லை. இணைப்பிலேயே இருந்த பிரதியும் சேர்ந்து பூட்டப்பட்டதும், அந்த மாதங்களுக்குத் தனியாக எடுத்து வைத்த பிரதி இல்லாததும்தான் காரணம். மின்னஞ்சல் மென்பொருளும் பழைய பதிப்பு. இதில் வீட்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: கணினியில் எப்போதும் செருகியே கிடக்கும் ஹாட் டிஸ்க்கை நான் பிரதி என்று கணக்கில் எடுப்பதில்லை. பெட்டி பூட்டப்படும்போது அதுவும் பூட்டப்படும்.

செய்ய வேண்டியது இதுதான். வெளியே செருகும் ஹாட் டிஸ்க் ஒன்று வாங்குங்கள். போயா நாள் எப்படியும் விடுமுறை, மாதம் ஒருமுறை தவறாமல் வரும். அதையே பிரதி நாளாக வைத்துக்கொள்ளுங்கள். காலையில் செருகி, ஆவணங்களும் படங்களும் உள்ள போல்டர்களை அதற்குள் பிரதி செய்து, உடனே கழற்றி அலுமாரிக்குள் வையுங்கள். பிறகு அந்தப் பிரதியிலிருந்தே இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நம்பி ஏமாந்த ஆட்களை எனக்குத் தெரியும்.

அப்புறம், இன்னொரு பிரதி வேறு ஊரில் இருக்க வேண்டும். நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று நாவலடியிலும் கல்லடியிலும் கடல் கொண்டுபோன வீடுகளோடு கல்யாண அல்பங்களும் போயின. மாரி மழைக்கு எந்த வருடம் எந்த வீட்டுக்குள் வெள்ளம் ஏறும் என்று யார் கண்டது? ஆகவே ஒன்று கடற்கரைப் பக்கமான எழுவான்கரையில் உங்கள் வீட்டில், இன்னொன்று வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கொக்கட்டிச்சோலையிலோ வெல்லாவெளியிலோ இருக்கும் சொந்தக்காரர் வீட்டில். காரைதீவு, திருக்கோவில் பக்கத்துக் கரையோரத்தவர்கள் சம்மாந்துறைப் பக்கம் கொடுத்து வைக்கலாம். பொலித்தீன் பையில் சுற்றி, வருடத்தில் இரண்டு தடவை கோயில் திருவிழாவுக்கோ பெருநாளுக்கோ போகும்போது மாற்றிக்கொள்ளுங்கள். கூகுள் டிரைவ் போன்ற இணைய இடமும் நல்லதுதான். 15 ஜிகாபைட் வரை இலவசம். முக்கியமான ஆவணங்களுக்கு அது போதும்.

பென்டிரைவ்

ரீச்சரின் கதைக்கு வருகிறேன். அவருடைய பென்டிரைவைத் திறந்தபோது எல்லாப் போல்டரும் வழக்கம்போலவே மஞ்சள் நிறத்தில் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றின் இடது கீழ் மூலையிலும் வளைந்த சின்ன அம்புக்குறி. அந்த அம்பு இருந்தால் அது போல்டரே அல்ல, வேறொன்றைத் திறக்கும் சோட்கட். வைரஸ் உண்மையான போல்டர்களைக் கண்ணுக்குத் தெரியாமல் ஒளித்துவிட்டு, அதே பெயரில், அதே படத்தோடு போலிகளை வைத்துவிடுகிறது. நீங்கள் போலியைச் சொடுக்கினால் முதலில் வைரஸ் ஓடும். உடனே உண்மையான போல்டரையும் திறந்து காட்டும் வகைகளும் உண்டு. அப்படியானால் என்ன நடந்தது என்றே உங்களுக்குத் தெரியாது. இனி அந்தக் கணினியில் செருகும் ஒவ்வொரு பென்டிரைவுக்கும் அது தொற்றும்.

கோப்புகள் அழியவில்லை, ஒளிந்துதான் இருக்கின்றன. ஆகவே போமட் பண்ண அவசரப்படாதீர்கள். சுத்தமான கணினியில், எதையும் சொடுக்காமல், பென்டிரைவின் பெயரில் வலது பொத்தானை அழுத்தி, விண்டோஸின் சொந்த வைரஸ் தடுப்பான டிபென்டரால் ஸ்கேன் செய்யுங்கள். அது முடிந்ததும் போல்டர் ஒப்ஷன்ஸில் ஒளித்த கோப்புகளைக் காட்டும் தெரிவைப் போட்டு, 'பாதுகாக்கப்பட்ட கோப்புகளை மறை' என்ற பொருளில் இருக்கும் அடையாளத்தை எடுத்துவிடுங்கள். மங்கலாக உண்மையான போல்டர்கள் தெரியவரும். உங்கள் ஆவணங்களையும் படங்களையும் மட்டும் எடுத்துப் பிரதி செய்யுங்கள். அம்புக்குறி போட்டதையும் பெயர் தெரியாத வேறு எதையும் எடுக்காதீர்கள். போமட் அதற்குப் பிறகுதான். ரீச்சருடைய மூன்று வருட வேலையும் அன்று பின்னேரமே முழுதாகக் கிடைத்தது.

இனிமேல் கடைக்குக் கொண்டுபோக ஒரு சிறிய பென்டிரைவ் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அச்சடிக்க வேண்டியதைத் தவிர அதில் வேறொன்றும் இருக்கக்கூடாது. வீட்டுக்கு வந்ததும் அதற்குள் இருப்பதைத் திறக்காமலே போமட் செய்துவிடுங்கள். கடைக் கணினியில் வட்ஸ்அப் திறந்து அச்சடித்தால், புறப்படுமுன் உங்கள் போனில் 'லிங்க்ட் டிவைசஸ்' பகுதிக்குப் போய் அந்தக் கணினியை வெளியேற்றுங்கள். மறந்துவிட்டு வந்தால் உங்கள் வீட்டுப் பேச்செல்லாம் அடுத்த வாடிக்கையாளர் வாசிக்கக் கிடக்கும்.

மின்னஞ்சல்தான் பெரிய திறப்பு

பேஸ்புக் கடவுச்சொல்லை மறந்தால் புதியது எங்கே வருகிறது? மின்னஞ்சலுக்கு. கடை நடத்துகிறவரின் இணையத்தளத்துக்கும் அப்படித்தான். ஆகவே ஜீமெயில் கைமாறினால் மற்றதெல்லாம் அதன் பின்னால் போகும். அதற்கு வேறெங்கும் பயன்படுத்தாத ஒரு கடவுச்சொல் வேண்டும்.

அடையாள அட்டை எண்ணை வைக்காதீர்கள். அதன் முதல் இலக்கங்களே பிறந்த ஆண்டையும் நாளையும் சொல்லிவிடும், அதோடு நாம் அதை எத்தனை படிவங்களில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்! போன் நம்பர், பிள்ளையின் பெயர், 'மீன் பாடும் தேன்நாடு' எல்லாம் வேண்டாம். ஊரை அறிந்தவன் முதலில் முயன்று பார்ப்பது அவற்றைத்தான். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். தோணி, சட்டி, ஞாயிறு, புளி என்பதுபோல. இதையே எடுத்துக்கொள்ளாமல், உங்கள் கண்ணில் படும் நான்கு பொருள்களைச் சேருங்கள். நீளம்தான் பலம். மறந்துவிடுவீர்கள் என்றால் கொப்பியில் எழுதி வீட்டு அலுமாரியில் வையுங்கள். வீட்டுக்குள் இருக்கும் கொப்பியை இணையத்தில் இருப்பவன் வாசிக்க முடியாது.

பிறகு இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். கூகுள் கணக்கில் 'செக்யூரிட்டி' பகுதிக்குள் அது இருக்கிறது. கடவுச்சொல் தெரிந்தவனும் உங்கள் போன் இல்லாமல் உள்ளே வர முடியாது. அங்கேயே பத்து அவசரக் குறியீடுகள் எடுக்கலாம். அவற்றைத் தாளில் அச்சடித்துப் பிறப்புச் சான்றிதழோடு வையுங்கள். கட்டாருக்கோ குவைத்துக்கோ வேலைக்குப் போகிறவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்வேன். இங்குள்ள சிம் அங்கே வேலை செய்யாமல் போகலாம், பணம் போடாமல் விட்டால் நம்பரே வேறொருவருக்குப் போகலாம், அப்புறம் குறியீடு யாருக்கு வரும்? விமானம் ஏறுமுன் அந்தப் பத்துக் குறியீடுகளும் பெட்டிக்குள் இருக்கட்டும்.

புதுப்பித்தல், திருட்டு மென்பொருள்

2017 மே 12 அன்று வானாக்ரை என்ற ரான்சம்வெயர் கிட்டத்தட்ட 150 நாடுகளில் பரவியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் அதே வருடம் மார்ச் 14 அன்றே கொடுத்துவிட்டது. இரண்டு மாதமாக அப்டேட் செய்யாமல் விட்ட கணினிகள்தான் பெரும்பாலும் மாட்டின. 'டேட்டா போகும்' என்று அப்டேட்டை நிறுத்தி வைத்திருக்கும் வீடுகள் இங்கே நிறைய. டேட்டா போகத்தான் செய்யும், ஓம். இரவு நேர டேட்டாவில் விட்டுவிட்டுப் படுங்கள்.

விண்டோஸ் 7 ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 10 ஆதரவும் 2025 ஒக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. வீட்டுக் கணினிகள் பதிந்துகொண்டால் பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2026 ஒக்டோபர் 13 வரை கிடைக்கும். பெட்டி விண்டோஸ் 11 ஏற்குமா என்று 'விண்டோஸ் அப்டேட்' பகுதியில் பாருங்கள். ஏற்காத பழைய பெட்டியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுக்கிறேன். இணையம் பார்க்கவும், கடிதம் எழுதவும், பிள்ளைகளின் சூம் வகுப்புக்கும் அது தாராளமாகக் காணும்.

தனியாக வைரஸ் தடுப்பு வாங்க வேண்டுமா என்று கேட்பார்கள். விண்டோஸோடு வரும் டிபென்டர் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தால் வீட்டுக்குப் போதும் என்பதே என் முடிவு. கஷ்டம் என்னவென்றால், பூட்டை உடைத்த மென்பொருளைப் போடும்போது 'முதலில் டிபென்டரை நிறுத்து' என்று எழுதியிருக்கும், நாமும் நிறுத்திவிடுவோம். விண்டோஸை இலவசமாக 'அக்டிவேட்' செய்யும் நிரல், காசு கொடுக்காத போட்டோஷொப் இவற்றோடு என்ன வருகிறது என்று போட்டுத் தந்தவருக்கும் தெரியாது. படம் திருத்த கிம்ப், கடிதம் எழுத லிப்ரே ஒபிஸ் இரண்டும் இலவசம், நேர்மையான இலவசம்.

எங்கள் பக்கத்தில் அடிக்கடி நடக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய அழைப்பிதழோ அலுவலகக் கடிதமோ பாமினி எழுத்துருவில் இருக்கும், திறக்க அந்த எழுத்துரு வேண்டும். இணையத்தில் தேடினால் ஒரு பக்கம் வரும். நடுவில் பெரிய பச்சைப் பொத்தான், அதில் 'டவுன்லோட்'. அது விளம்பரம். உண்மையான இணைப்பு கீழே சின்ன எழுத்தில் இருக்கும். இறங்கிய கோப்பின் பெயர் ரி.ரி.எப் என்று முடிந்தால் அது எழுத்துரு. இ.எக்ஸ்.இ என்று முடிந்தால் அது ஓடும் நிரல், திறக்காமல் அழித்துவிடுங்கள். விண்டோஸ் இந்தக் கடைசி எழுத்துகளை வழமையாக மறைத்து வைத்திருக்கும். பைல் எக்ஸ்புளோரரில் 'வியூ' பகுதிக்குப் போய் 'பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதற்கு அடையாளம் போடுங்கள். பி.டி.எப் போலத் தெரிகிற கோப்பு உண்மையில் இ.எக்ஸ்.இ என்று அப்போதுதான் தெரியவரும்.

தூண்டில் செய்திகள்

"உங்கள் பொதி தபாலகத்தில் நிற்கிறது, முகவரி பிழை, சிறு கட்டணம் கட்டுங்கள்" என்று எஸ்.எம்.எஸ். வரும். இது போலி என்று தபால் திணைக்களமே எச்சரித்திருக்கிறது. இப்படி வரும் இணைப்பை வாசிக்க ஒரு முறை உண்டு. முகவரியின் தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டு, அடுத்த சாய்கோடு வரைக்கும் பாருங்கள். அந்தத் துண்டை வலமிருந்து இடமாக வாசியுங்கள். கடிதத்தில் கடைசி வரிதான் நாட்டைச் சொல்வதுபோல, இங்கேயும் 'கொம்', 'எல்கே' போன்ற முடிவும் அதற்கு முன்னால் ஒட்டியிருக்கும் பெயரும்தான் சொந்தக்காரரைச் சொல்லும். இடப்பக்கத்தில் வங்கியின் பெயரை யாரும் ஒட்டலாம்.

வட்ஸ்அப்பில் தெரிந்த ஒருவரின் பெயரிலிருந்தே, "அக்கா, என்ட கோட் ஒண்டு பிழையா உங்களுக்கு வந்திட்டு, அனுப்புங்களன்" என்று வந்தால், அவருடைய கணக்கு ஏற்கெனவே போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆறு இலக்கம் உங்கள் கணக்கின் திறப்பு. கொடுத்தால் அடுத்த நிமிடம் உங்கள் பெயரில் உங்கள் தம்பியிடம் கடன் கேட்பார்கள். செட்டிங்ஸில் 'அக்கவுண்ட்' பகுதிக்குள் 'டூ ஸ்டெப் வெரிபிகேஷன்' இருக்கிறது, ஒரு பின் போட்டுவிடுங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? உங்கள் நம்பரிலேயே வட்ஸ்அப்பை உடனே திரும்பப் பதியுங்கள். எஸ்.எம்.எஸ். குறியீட்டைப் போட்டதும் திருடன் வெளியேறிவிடுவான். அவன் தன் பின்னைப் போட்டிருந்தால் நீங்கள் உள்ளே போக 7 நாள் காத்திருக்க வேண்டும், ஆனால் அவனும் உள்ளே இருக்க முடியாது. வங்கி அனுப்பும் ஒருமுறைக் குறியீடான ஓ.ரி.பி.யை வங்கி ஊழியர் என்று சொல்கிறவருக்கும் கொடுக்க வேண்டாம்.

வைபை ரூட்டருக்குப் பத்து நிமிடம் போதும். அடியில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள், வைபை கடவுச்சொல்லையும் மாற்றுங்கள், கடவுச்சொல் இல்லாமலே இணைய விடும் டபிள்யூ.பி.எஸ். என்பதை நிறுத்துங்கள்.

இணையத்தளம் வைத்திருப்பவர்களுக்கு

ஊர்க் கோயில் ஒன்றின் தளம். பரிபாலன சபையில் ஒருவரின் மகன் ஆசையோடு செய்து கொடுத்தது. அவர் டோஹாவுக்குப் போனார், மூன்று வருடம் யாரும் தொடவில்லை. ஒருநாள் கொடியேற்றத் திகதி பார்க்கக் கூகுளில் தேடியவர்களுக்குக் கோயில் பெயருக்குக் கீழே ஜப்பானிய எழுத்தில் சப்பாத்து விளம்பரம். தளத்தை நேரே திறந்தால் மூலவர் படம், பூசை நேரம், எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. அதனால் சபையில் பலர் நம்பவில்லை. தேடுபொறிக்கு ஒரு முகம், மனிதருக்கு ஒரு முகம் காட்டும் வகை அது. உள்ளே போய்ப் பார்த்தேன். நிர்வாகிகள் பட்டியலில் யாருக்கும் தெரியாத ஒரு பெயர். படங்கள் மட்டும் இருக்க வேண்டிய 'அப்லோட்ஸ்' போல்டருக்குள் பி.எச்.பி. கோப்புகள், அதாவது ஓடும் நிரல்கள். காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒரு தோற்ற வார்ப்பை ('தீம்') எங்கோ இலவசமாக இறக்கிப் போட்டிருந்தார்கள். பின்கதவு அதற்குள்ளேயே இருந்தது.

உலகத் தளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளில் ஓடுகின்றன. அருகம்பை விடுதிகள், பாடசாலைப் பழைய மாணவர் சங்கங்கள் என்று இங்கு நான் பார்த்தவையும் அநேகம் அதுதான். ஆகவே அதையே வைத்துச் சொல்கிறேன்.

தளத்தின் திறப்பு யார் கையில் என்று முதலில் பாருங்கள். டொமைன் பெயர், அதாவது தளத்தின் முகவரி, யார் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது? செய்து தந்த தம்பியின் மின்னஞ்சலில் என்றால் சங்கத்தின் மின்னஞ்சலுக்கு மாற்றுங்கள். பெயர்ப் பதிவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2021 பெப்ரவரி 6 ஒரு பாடம். அன்று, 'எல்கே' என்று முடியும் இலங்கை முகவரிகளைப் பதியும் எல்கே டொமைன் பதிவகத்தில் நடந்த தாக்குதலில் கூகுளின் எல்கே முகவரி உட்படச் சில முகவரிகளுக்குப் போனவர்கள் வேறொரு பக்கத்தில் போய் நின்றார்கள். அந்தத் தளங்களில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

அடுத்தது, வேர்ட்பிரஸையும் பிளகின்கள் என்ற துணை நிரல்களையும் தோற்ற வார்ப்பையும் புதுப்பியுங்கள். 2020 ஓகஸ்டில் வந்த 5.5 பதிப்பிலிருந்து பிளகின்கள் தாமாகப் புதுப்பிக்கும்படி விடலாம்; ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அந்த இணைப்பு இருக்கிறது. பயன்படுத்தாத பிளகினை நிறுத்தி வைத்தால் போதாது, அழித்துவிடுங்கள். நின்றுபோன பிளகினின் ஓட்டையும் ஓட்டைதான். 'அட்மின்' என்ற பயனர் பெயர் வேண்டாம். நிர்வாகி ஒருவரோ இருவரோ போதும், செய்தி போடுகிற பிள்ளைகளுக்கு 'எடிட்டர்' நிலை கொடுங்கள். முகவரிக்கு முன்னால் சில உலாவிகளில் தெரியும் பூட்டுச் சின்னம் வர லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் இலவசம், தளத்துக்கு இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் பனலில் பெரும்பாலும் ஒரு சொடுக்கில் வரும். பூட்டு இருப்பதால் தளம் நல்லது என்று அர்த்தமில்லை. போகும் வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பது மட்டும்தான்.

தளத்தின் பிரதியும் போயா நாளில்தான். கோப்புகளோடு, எழுத்தெல்லாம் இருக்கும் தரவுத்தளத்தையும் சேர்த்து இறக்குங்கள். படங்களை மட்டும் எடுத்து வைத்துவிட்டு எழுத்து முழுவதையும் இழந்தவர்கள் உண்டு. பிரதி அதே சேர்வரில் கிடந்தால் தளம் போகும்போது அதுவும் போகும், உங்கள் ஹாட் டிஸ்க்குக்கு இறக்கிவிடுங்கள்.

கோயில் தளத்தை மீட்டது இப்படி: ஹோஸ்டிங், தரவுத்தளம், நிர்வாகிகள், மின்னஞ்சல் என்று எல்லாக் கடவுச்சொற்களையும் சுத்தமான வேறொரு கணினியிலிருந்து மாற்றினேன். தெரியாத நிர்வாகியை நீக்கினேன். வேர்ட்பிரஸையும் பிளகின்களையும் முழுக்க அழித்து, உத்தியோகபூர்வ இடத்திலிருந்து புதிதாகப் போட்டேன். 'அப்லோட்ஸில்' இருந்த பி.எச்.பி. கோப்புகளை அழித்தேன். கடைசியாக, தளச் சொந்தக்காரருக்குக் கூகுள் தரும் சேர்ச் கொன்சோலில் தளத்தைச் சேர்த்து மறுபரிசீலனை கேட்டேன். ஜப்பானிய வரிகள் தேடலிலிருந்து முழுதாகப் போகச் சில வாரங்கள் எடுத்தன. அதுவரை கொடியேற்ற அறிவித்தலை நோட்டீஸ் அடித்துத்தான் கொடுத்தார்கள்.

நடந்துவிட்டால்

திரையில் பணம் கேட்கும் அறிவிப்பு வந்தால் முதலில் இணையக் கம்பியைக் கழற்றுங்கள், வைபையை நிறுத்துங்கள். பிரதி ஹாட் டிஸ்க்கைப் பதற்றத்தில் செருகிவிடாதீர்கள். திரையைப் போனில் படம் எடுங்கள். பணம் கட்டாதீர்கள், கட்டினாலும் திறப்புத் தருவார்கள் என்ற உறுதி இல்லை. 2016இல் நெதர்லாந்துப் பொலிசும் யூரோபோலும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கிய நோ மோர் ரான்சம் என்ற தளத்தில் பல வகைகளுக்கு இலவசத் திறப்புகள் இருக்கின்றன. சுத்தமான வேறொரு கணினியில் அங்கே தேடிப் பாருங்கள்.

வங்கிப் பணம் போயிருந்தால் வேறு எதையும் பார்க்காமல் வங்கியின் அவசர இலக்கத்துக்கு அழைத்து அட்டையையும் கணக்கையும் நிறுத்தச் சொல்லுங்கள். அந்த இலக்கம் அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும், இன்றைக்கே போனில் பதிந்து வையுங்கள். பிறகு வந்த செய்தி, நம்பர், நேரம் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்துப் பொலிசில் முறைப்பாடு செய்யுங்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இதற்குத்தான் இருக்கிறது. ஆலோசனை வேண்டுமென்றால் கணினி அவசரங்களைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் அமைப்புக்கு 101 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். அழைக்கும்போது அந்தப் படமும் நேரமும் கையில் இருக்கட்டும்.